அறுநூற்று நாற்பதாவது வேலை

"எந்த வேலையை முதலில் செய்வது என்று தெரியாத காரணத்தால்தான் இத்தனை வருடங்களாக நாம் எந்த வேலையையும் செய்யாமல் இருந்தோம்" என்று மண்டல அலுவலர் பீமராவ் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"இன்று முதல் அந்தக் கவலை நமக்கு இல்லை. செயற்கை நுண்ணறிவு அந்தக் கவலையைப் படும்."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த லிசி, பக்கத்தில் இருந்த கண்காணிப்பாளர் நல்லதம்பியிடம் மெதுவாகக் கேட்டாள். "சார், இதுவரைக்கும் அந்தக் கவலைய யாரு பட்டுக்கிட்டிருந்தா?"

"சும்மா இரும்மா. கேசரி எடுத்துட்டு வர்றாங்க."

நகரக் குடியிருப்புப் பேணல் வாரியத்தின் திருச்சி மண்டல அலுவலகம் புத்தூரில் இருக்கிறது. அடுக்குமாடி கட்டி ஜனங்களைக் குடிவைப்பது வேறொரு வாரியம். குடிவைத்த பிறகு ஒழுகுவது, அடைத்துக்கொள்வது, நின்றுபோவது இவற்றையெல்லாம் கவனிப்பது இந்த வாரியம். லிசி பழுதுபார்ப்புப் பிரிவில் உதவியாளர். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பதினாறு வருட சர்வீஸில் அவள்மேல் இருந்த ஒரே புகார், மனு கொண்டு வருகிறவர்களை உட்காரச் சொல்கிறாள் என்பது. உட்கார்ந்தால் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று நல்லதம்பி பலமுறை எச்சரித்திருக்கிறார்.

புது ஏற்பாட்டுக்குப் பெயர் 'முதல்வேலை'. சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வளவன் என்று ஒருவர் வந்து அதை எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் போனிலும் ஏற்றினார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் அடையாளச் சிரிப்பு.

"ரொம்ப சிம்பிள்ங்க. தினமும் காலையில பத்து மணிக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டியல் வரும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. ஒண்ண முடிச்சாத்தான் ரெண்டு திறக்கும். ரெண்ட முடிச்சாத்தான் மூணு. முடிச்சதுக்கு அடையாளமா ஒரு போட்டோ ஏத்தணும்."

"நடுவுல இருக்குற ஒண்ணு அவசரம்னா?" என்றாள் லிசி.

"அவசரம்னா அது நடுவுல இருக்காதுங்க மேடம். மேல இருக்கும்."

"எது அவசரம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உங்ககிட்ட இருந்துதான். இந்த ஆபீஸோட பத்து வருஷக் கோப்பு அத்தனையும் அதுக்குக் கொடுக்கப் போறோம். நீங்க எப்படி வேலை பார்த்தீங்களோ, அதப் பாத்து அது கத்துக்கும்."

நல்லதம்பியின் முகம் லேசாக மாறியது. ஆனால் அதற்குள் கேசரி வந்துவிட்டது.

இரண்டு மாதம் அலுவலகமே கோப்பை ஸ்கேன் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் வேறு வேலை நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். அதற்கு முன்னாலும் நடக்கவில்லை.

ஜூன் முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் பட்டியல் வந்தது. லிசி திறந்து பார்த்தாள். முதல் வேலை: பொன்னாடை வாங்குதல். இரண்டாவது: பொன்னாடை அணிவித்தல். மூன்றாவது: எலுமிச்சம்பழம் வழங்குதல். நான்காவது: வரவேற்புப் பதாகையில் பெயர் வரிசையைத் திருத்துதல்.

"சார், எனக்குப் பொன்னாடை வந்திருக்கு."

"எனக்கும்தான்" என்றார் நல்லதம்பி.

எல்லாருக்கும் அதுவே வந்திருந்தது. வளவனைக் கூப்பிட்டார்கள். அவர் மடிக்கணினியைத் திறந்து, தலையை ஆட்டினார்.

"கரெக்டாத்தான் இருக்குங்க. இந்த ஆபீஸ்ல பத்து வருஷத்துல எது சீக்கிரமா முடிஞ்சிருக்குன்னு அது பாத்திருக்கு. கூரை ஒழுகல் முடிய எட்டு மாசம். சாக்கடை அடைப்பு ஒரு வருஷம். மேலதிகாரி வர்றார்னா பொன்னாடை வாங்குற கோப்பு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருக்கு. பதாகையில பேர் மாத்துறது நாப்பது நிமிஷம். அப்ப எது முக்கியம்னு நீங்களே சொல்லுங்க."

நல்லதம்பி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஆனா இன்னைக்கு மேலதிகாரி யாரும் வரலியே தம்பி" என்றார் நல்லதம்பி.

"அது உங்க பிரச்சனை சார். பொன்னாடை போட்ட போட்டோ ஏத்தலன்னா மூணாவது திறக்காது."

பெரிய கடைவீதிக்கு ஆள் அனுப்பிப் பொன்னாடை வாங்கினார்கள். முதல் நாள் பீமராவுக்கே போர்த்தினார்கள். அவர் அதை எதிர்பார்த்தவர் மாதிரியே நின்றார். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவருக்கே. நான்காம் நாள், 'அணிந்தவரே மீண்டும் அணிந்துள்ளார்' என்று மெஷின் போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் நல்லதம்பி, டிரைவர், வாட்ச்மேன் என்று முறை வைத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஆள் தீர்ந்துபோனதும், தபால் கொண்டு வந்தவரைப் பிடித்து நிறுத்திப் போர்த்தினார்கள். மறுநாளிலிருந்து அவர் உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு மேலாகத் தபாலை எறிந்துவிட்டுப் போய்விடுவார்.

காந்தி மார்க்கெட்டில் எலுமிச்சம்பழக் கடைக்காரர் லிசியிடம் கேட்டார். "என்னம்மா, தினம் தினம் வாங்குறீங்க. ஆபீஸா, ஊறுகாய்க் கம்பெனியா?"

"கவர்மெண்ட் ஆபீஸுங்க."

"அப்ப ஊறுகாயும் கிடைக்காதுன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

அந்த வாரம்தான் அப்துல் சுக்கூர் வந்தார். அவரை லிசிக்கு ஜனவரியிலிருந்தே தெரியும். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கிற ஆறு மாடிக் குடியிருப்பில் 'இ' பிளாக், ஐந்தாவது மாடி. பெரிய கடைவீதிச் சந்தில் சூட்கேஸுக்கு ஜிப் மாற்றுகிற கடை வைத்திருந்தவர். மனைவி நசீராவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் புத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பொங்கலுக்கு மறுநாள் அந்த பிளாக்கின் லிஃப்ட் நின்றுபோனது.

"உட்காருங்க பாய். இன்னும் ஓடலியா?"

"ஓடலம்மா. ஜோஸ்வின்னு எதுத்த வீட்டுத் தம்பி, மினி லாரி ஓட்டுது, அதுவும் இன்னும் மூணு பேரும் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சுத் தூக்கிட்டு இறங்குறாங்க. அஞ்சு மாடி. வந்த பிறகு அஞ்சு மாடி ஏத்தணும். அல்லா அவங்களுக்கு நல்லது செய்யட்டும்."

"மனு எத்தனை கொடுத்திருக்கீங்க?"

"இதோட அஞ்சு. எல்லாத்துலயும் நீங்க சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தீங்கம்மா. மறக்க மாட்டேன்."

லிசி கம்ப்யூட்டரில் தேடினாள். பட்டியலில் அந்த வேலை இருந்தது. அறுநூற்று நாற்பதாவது இடத்தில்.

"இங்கேயே ஒரு உத்தரவு டைப் பண்ணி அனுப்பினா மெக்கானிக் வந்துடுவார்ல?" என்றார் சுக்கூர்.

"அந்த உத்தரவு இருக்குற கோப்பு இப்ப திறக்காது பாய். முன்னால இருக்குற அறுநூத்தி முப்பத்தொம்பதும் முடிஞ்சாத்தான் திறக்கும்."

"அது எப்ப முடியும்?"

நல்லதம்பி இதற்குத் தயாராக இருந்தார். "ஒரு நாளைக்குப் பதினாலு வேலை முடிக்கிறோம். கணக்குப் போட்டா நாப்பத்தஞ்சு வேலை நாள். லீவு நாள் போக ஆகஸ்ட். உங்களுக்கு ஒரு தேதியே கிடைச்சிருச்சு பாய். முன்னாடியெல்லாம் தேதி கிடைக்குமா?"

"கிடைக்காதுங்க" என்று சுக்கூர் ஒப்புக்கொண்டார். எதையும் ஒப்புக்கொள்கிற மனுஷர். "ரொம்ப நன்றிங்க."

லிசிக்கு மனசு கேட்கவில்லை. மனுவை வாங்கி, 'மிக அவசரம்' என்ற சிவப்பு முத்திரையை இரண்டு இடத்தில் அழுத்திக் குத்தி, ஸ்கேன் எடுத்து ஏற்றினாள்.

மறுநாள் காலையில் பார்த்தாள். எழுநூற்று இரண்டு.

சரி, வேறு வேலைகள் வந்து முன்னால் புகுந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வாரம் சுக்கூர் நினைவூட்டுக் கடிதம் ஒன்று கொண்டு வந்தார். அதிலும் முத்திரை குத்தினாள். எழுநூற்று எழுபத்தொன்று. மூன்றாவது முறை அவள் முத்திரையோடு நிறுத்தாமல், சிவப்பு மையில் கோடும் போட்டாள். எண்ணூற்று முப்பத்தெட்டு.

அவள் வளவனிடம் போனாள்.

"தம்பி, ஏதோ தப்பா ஓடுது. நான் மேல தள்ளத் தள்ள அது கீழ போகுது."

வளவன் தட்டிப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிறவர் மாதிரி பெருமையாகச் சொன்னார்.

"தப்பே இல்ல மேடம். பிரமாதமாக் கத்துக்கிட்டிருக்கு. பத்து வருஷத்துல இந்த ஆபீஸ்ல 'மிக அவசரம்' முத்திரை விழுந்த கோப்பு நாலாயிரத்துச் சொச்சம். அது ஒண்ணு முடிய சராசரியா நானூத்திப் பதினோரு நாள். முத்திரையே இல்லாத கோப்பு இருபது நாள்ல முடிஞ்சிருக்கு. அதனால அது என்ன புரிஞ்சுக்கிட்டிருக்குன்னா, ஒரு வேலைய யாரும் செய்யப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டா, அதுக்கு அடையாளமா இங்க சிவப்பு முத்திரை குத்துவாங்க."

லிசி விரலில் ஒட்டியிருந்த சிவப்பு மையைத் துடைத்தாள்.

"நினைவூட்டு?"

"அதுவும் அப்படித்தான். நினைவூட்டு வந்த கோப்ப இங்க யாரும் தொட்டதே இல்ல."

ஐந்து மாதமாக அந்த மனுஷரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே அவரைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. நேராக பீமராவ் அறைக்குப் போனாள்.

"சார், ஸ்ரீரங்கம் லிஃப்ட். ஒரு டயாலிசிஸ் அம்மாவைச் சேர்ல தூக்கிட்டு இறங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தக் கோப்பை மட்டும் திறந்துடலாம்னு வளவன் சொல்றார்."

பீமராவ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"லிசி, நான் சொல்லலாம். சொன்னால் அது மனித முடிவு ஆகிவிடும். மனித முடிவு என்றால் நாளைக்கு ஒருவன் வந்து, ஏன் இதை முடிவு செய்தாய் என்று என்னைக் கேட்பான். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் ஒருவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஏன்?"

"ஏன் சார்?"

"நான் முடிவெடுத்ததில்லை. முன்பெல்லாம் அதற்கு நான் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது தெரியுமா? தெளிவுரை கேட்க வேண்டும், கருத்துரு அனுப்ப வேண்டும், குழு அமைக்க வேண்டும். இப்போது ஒரு மெஷின் எனக்காக அதைச் செய்கிறது. அதில் போய் நான் கை வைப்பேனா?"

"அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா சார்?"

"வருத்தமாகத்தான் இருக்கும்" என்றார் பீமராவ். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இன்று யாருக்குப் பொன்னாடை?" என்று கேட்டார்.

மறு புதன்கிழமை சுக்கூர் மனு இல்லாமல் வந்தார். லிசி சொல்வதற்கு முன்னால் தானாகவே உட்கார்ந்தார்.

"ஜோஸ்வினுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சும்மா. திங்கக்கிழமை லோடு இறக்கும்போது. படுத்த படுக்கையா இருக்கு. மத்த மூணு பேரால தனியாத் தூக்க முடியல, முதல் திருப்பத்துலயே சேர் சாஞ்சிருச்சு. அதோட பயந்துட்டாங்க. நேத்து செவ்வாக்கிழமை போகல."

"போகவே இல்லியா?"

"போகல. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. ராத்திரி படுக்க முடியல, உக்காந்தே மூச்சு விடுது. வெள்ளிக்கிழமையும் போகலன்னா..." அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு டயாலிசிஸ் மிஷின்ல இடம். அதுக்குள்ள ஏதாவது வழி உண்டான்னு கேக்கத்தான் வந்தேன். முத்திரை வேணாம்னு வீட்டுல சொல்லச் சொன்னா. கோவிச்சுக்காதீங்க."

"வேணாம் பாய். முத்திரை குத்த மாட்டேன்."

அவர் போன பிறகு லிசி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் கோப்பைத் திறக்க முடியாது. ஆனால் புதிதாக ஒரு வேலையை எழுதிச் சேர்க்க யாருக்கும் தடையில்லை. அவள் எழுதினாள்.

'ஸ்ரீரங்கம் குடியிருப்பு இ பிளாக் மின்தூக்கித் திறப்பு விழா. வெள்ளிக்கிழமை. தலைமையக இணை இயக்குநர் ரிப்பன் வெட்டுகிறார். பொன்னாடை, எலுமிச்சம்பழம், பதாகை, குழுப்படம். விழாவுக்கு முன் மின்தூக்கியை ஓடச் செய்தல்.'

பொத்தானை அழுத்தினாள். நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் ஒன்றாவது இடத்தில் உட்கார்ந்தது. அவளுக்கு மட்டுமல்ல, அலுவலகத்தில் அத்தனை பேருக்கும்.

சென்னைத் தலைமையகத்திலும் அதே முதல்வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இணை இயக்குநரின் பட்டியலில் திறப்பு விழா எப்போதும் ஒன்றாவது. அழைப்பு தானாகவே போய், நாலு நிமிஷத்தில் பதிலும் தானாகவே வந்தது: வருகிறார், பதினோரு மணி.

பீமராவ் அறையை விட்டு வெளியே ஓடி வந்தார். அவர் ஓடி அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"மெக்கானிக் எங்கே? யாருக்கும் பொறுப்பு இல்லையா? ஐந்து மாதமாக ஒரு மின்தூக்கி நிற்கிறது, என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

லிசி அவரைப் பார்த்தாள். அவர் பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை எல்லாரும் ஸ்ரீரங்கத்தில் இருந்தார்கள். மெக்கானிக் பெட்டியைத் திறந்து ஒரு மின்சுற்றுப் பலகையைக் கழற்றி, இன்னொன்றை மாட்டினார். லிஃப்ட் ஓடியது.

"இவ்வளவுதானா?" என்றாள் லிசி.

"இவ்வளவுதாங்க. அரை மணி நேர வேலை. ஏன், ரொம்ப நாளா நின்னுச்சா?"

விஷயம் கேட்டு சுக்கூர் ஐந்து மாடியும் இறங்கி ஓடி வந்தார். எல்லாருடைய கையையும் பிடித்துக்கொண்டார். நல்லதம்பி அதற்குள் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு இணை இயக்குநர் ரிப்பன் வெட்டுவார் பாய். அதுக்கப்புறம் நீங்க தாராளமா ஏறலாம், இறங்கலாம்."

"ஒம்பதரைக்குக் கிளம்பணுமேங்க நாங்க."

"திறக்காத லிஃப்ட்ல எப்படி ஏறுவீங்க?"

"திறந்துதாங்க இருக்கு. இப்ப நீங்ககூட ஏறி இறங்கினீங்களே."

"நான் சோதனைக்கு ஏறினேன்" என்றார் நல்லதம்பி.

சுக்கூர் திரும்பி மேலே போனார். லிசியும் கூடவே படியேறினாள். நசீரா கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. கண் மட்டும் கூர்மையாக இருந்தது.

"நீதான் லிசியா? முத்திரை குத்துற பொண்ணு."

"மன்னிச்சுக்குங்கம்மா. தெரியாமச் செஞ்சேன்."

"விடு. இவர் அஞ்சு மாசமா உன் ஆபீஸுக்கு நன்றி சொல்லிட்டு வர்றாரு. அவரும் தெரியாமத்தான் செய்யுறாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்ன சொல்றாங்க கீழ?"

"ரிப்பன் வெட்டாம ஏறக்கூடாதாம்" என்றார் சுக்கூர்.

"எனக்கு வெட்ட வேண்டியத டாக்டர் எல்லாம் வெட்டி முடிச்சாச்சு. இவங்க என்னத்த வெட்டணுமாம்?"

"அடுத்த செவ்வாக்கிழமையிலேருந்து தாராளமா..." என்று சுக்கூர் இழுத்தார்.

"செவ்வாக்கிழமை என்னைத் தூக்க நாலு பேர் தானா வந்துருவாங்க. லிஃப்ட் தேவையிருக்காது" என்றாள் நசீரா. சுக்கூர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே லிசியின் போனில் அன்றைய பட்டியல் வந்துவிட்டது. ஒன்று: விழா முடியும்வரை குடியிருப்போர் மின்தூக்கியைப் பயன்படுத்தாமல் கண்காணித்தல். பொறுப்பு, லிசி. லிஃப்ட் சாவியும் அவளிடமே கொடுக்கப்பட்டது. பதினாறு வருடத்தில் அந்த அலுவலகம் அவளை நம்பி ஒரு சாவி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பதரைக்குக் கீழே வாசலில் பந்தல், பதாகை, போட்டோக்காரர், தட்டில் கத்தரிக்கோல். பீமராவ் புதுச் சட்டை. வளவன் மடிக்கணினி. நல்லதம்பி கையில் பொன்னாடை, மடிப்புக் கலையாமல். அப்போது ரிப்பனுக்கு மேலே இருந்த எண் பலகையில் சிவப்பாக ஐந்து என்று வந்தது. பிறகு நாலு.

"யார் உள்ளே?" என்றார் பீமராவ்.

மூன்று. இரண்டு.

"லிசி எங்கே?"

கதவு திறந்தது. உள்ளே பிளாஸ்டிக் சேரில் நசீரா, பின்னால் சேரைப் பிடித்துக்கொண்டு சுக்கூர், பக்கத்தில் லிசி. அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவில் ரிப்பன்.

"லிசி, உங்கள் பட்டியலில் ஒன்றாவது என்ன?" என்றார் பீமராவ்.

"குடியிருக்கிறவங்க ஏறாமக் கண்காணிக்கிறது சார்."

"கண்காணித்தீர்களா?"

"கண்காணிச்சேன் சார். ரெண்டு பேர் ஏறுனாங்க."

"கொஞ்சம் வழி விடுங்க ஐயா" என்றார் சுக்கூர். "ஆட்டோ நிக்குது. பாலத்துல நெரிசலா இருக்கும்."

பீமராவ் இரண்டு கையையும் விரித்தார். "ரிப்பன் வெட்டாமல் வெளியே வரக்கூடாது."

"உள்ள இருந்து வர்றவங்களுக்கும் ரிப்பன் உண்டுங்களா?"

"ரிப்பன் எல்லாருக்கும் பொதுவானது."

நல்லதம்பி ஒரு யோசனை சொன்னார். "இப்படிச் செய்யலாம் சார். அவங்க திரும்ப மேல போகட்டும். போய்ப் படி வழியா இறங்கி வரட்டும். யாருக்கும் சங்கடமில்ல."

"இணை இயக்குநர் எங்க வர்றார்?" என்றாள் லிசி.

"சமயபுரமே தாண்டலியாம்."

"அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார்."

"கேட்டால் அவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒரு மேலதிகாரியை அப்படியெல்லாம் நிறுத்தக் கூடாது" என்றார் பீமராவ். பிறகு வளவன் பக்கம் திரும்பினார். "உங்கள் மெஷின் என்ன சொல்கிறது?"

வளவன் வேகமாகத் தட்டினார். முதல் தடவையாக அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "நோயாளி லிஃப்ட்ல வந்ததுக்கு இந்த ஆபீஸ்ல முன்மாதிரி இல்ல சார். பதில் வர மாட்டேங்குது."

லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. லிசி காலை வைத்துத் தடுத்தாள். மறுபடியும் மூடப் பார்த்தது, மறுபடியும் தடுத்தாள். நசீராவின் மூச்சுச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பதினோரு பேர் ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

"இந்தாப்பா" என்று நசீரா, தட்டு வைத்திருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். "அத இப்படிக் கொண்டா."

வாட்ச்மேன் தட்டை நீட்டினார். நீட்டியது தப்பா என்று பிற்பாடு அவரிடம் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர், "விழாவுல யார் கேட்டாலும் நீட்டணும்னுதான் சொன்னீங்க" என்றார்.

நசீரா கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் தடவை ரிப்பன் வழுக்கியது. இரண்டாவது தடவை அறுந்தது.

போட்டோக்காரர் படம் எடுத்தார். ரிப்பன் அறுந்தால் எடுக்க வேண்டும், அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அடுத்த நிமிஷம் அங்கே நின்ற அத்தனை பேர் போனிலும் மணி அடித்தது. திறப்பு விழா: முடிந்தது. இரண்டாவது வேலை திறந்துகொண்டது.

நல்லதம்பி அதைப் படிக்கக்கூட இல்லை. தினமும் செய்து செய்து பழகிய கை. மணி அடித்ததும் பொன்னாடையைப் பிரித்து, எதிரே சேரில் இருந்த ஆளுக்குப் போர்த்திவிட்டார். டிரைவர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டு வந்து நீட்டினார்.

"இது எனக்கு ஆகாதுப்பா. பொட்டாசியம் ஏறிடும்" என்று நசீரா அதை பீமராவ் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்க."

பீமராவ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பழம் கொடுத்தால் அப்படித்தான் வாங்குவார்.

"பிடிங்க" என்றாள் லிசி. சுக்கூர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், தடதடவென்று சேரைத் தள்ளிக்கொண்டு பதாகைக்குக் கீழே புகுந்து ஆட்டோவுக்குப் போனார்கள். சுக்கூர் திரும்பி எல்லாருக்கும் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"ஏறுங்க முதல்ல" என்றாள் நசீரா.

இணை இயக்குநரின் போனிலும் அதே மணி அடித்திருந்தது. விழா முடிந்துவிட்டது என்று பார்த்ததும், சமயபுரத்துக்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அடுத்த வேலை அவருக்குப் பெரம்பலூரில் காத்திருந்தது, அதுவும் திறப்பு விழாதான். குறித்த நேரத்துக்கு ஒன்றேகால் மணி முன்னதாக விழாவை முடித்ததற்காக, திருச்சி மண்டலத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பீமராவ் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். லிசிக்கு விளக்கம் கேட்டு மெமோ தயாரானது. ஆனால் பாராட்டிய விழாவுக்கே மெமோ கொடுப்பதா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்ததால் அது அப்படியே கிடக்கிறது.

ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் டோரதி ஊசியைத் தயார் செய்துகொண்டே, நசீராவின் வீங்கின காலைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். பிறகு தோளைப் பார்த்தாள்.

"என்னம்மா, பொன்னாடையெல்லாம்? செவ்வாக்கிழமை வரலன்னதும் நான் பயந்துட்டேன். இன்னைக்கு யாரு தூக்கிட்டு இறங்குனா?"

"யாரும் தூக்கல. லிஃப்ட்ல வந்தேன்."

"அப்பாடா. ஒருவழியா ரிப்பேர் பண்ணிட்டாங்களா?"

நசீரா கையை நீட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க பண்ணாங்க. விழா நடத்துனாங்க. அதுக்கு நடுவுல லிஃப்ட் ஓடிருச்சு."